காக்காய்க்கு மூக்கு உண்டு

இந்த ஸ்டேஷனில் காபி மோசமில்லை. சர்க்கரைதான் ஒரு ஸ்பூன் அதிகம். காபி விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நீங்கள் கேட்கும் விஷயம் அங்கேதான் தொடங்குகிறது.

உங்களை மேடம் என்று கூப்பிட வேண்டும் என்று வெளியே ஏட்டு சொன்னார். எனக்குப் பெண்பிள்ளைகளை 'என்னம்மா' என்று கூப்பிட்டே முப்பத்தொரு வருடம் பழக்கம். வாய் தவறினால் பொறுத்துக்கொள்ளுங்கள், தீபா மேடம்.

நேற்று எழுதிக் கொடுத்ததை மறுபடி முதலிலிருந்து சொல்கிறேன். என் பெயர் சூர்யநாராயணன். வயது அறுபத்து நான்கு. தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. செம்பாக்கம் ஏரிக்கு இரண்டு தெரு தள்ளிச் சொந்த வீடு. கீழே நான், மாடியில் என் தம்பி கிட்டு, அவன் மனைவி பட்டு. 2015 வெள்ளத்தில் முடிச்சூரில் அவன் ஃபிளாட்டுக்குள் தண்ணீர் புகுந்தபோது, இரண்டு வாரம் தங்கிக்கொள்கிறேன் என்று ஒரு சூட்கேஸோடு வந்தான். பிறகு மாடி எடுத்துக்கொண்டு இங்கேயே இருந்துவிட்டான். அவர்களுடைய ஒரே மகள் மிருதுளா கல்யாணமாகிப் புனேயில் இருக்கிறாள். அவர்கள் வந்த நாளிலிருந்து எனக்குச் சாப்பாடு மாடியில்தான். காலை ஆறரைக்கு முதல் காபி. பட்டு போடும் காபியைப் பற்றி நான் சொன்னால் மிகை என்பீர்கள். விட்டுவிடுகிறேன்.

பறவைக்கு மோப்பம் கிடையாது என்று உங்களுக்கும் பள்ளிக்கூடத்தில் சொல்லியிருப்பார்கள். தவறு. கடல் பறவைகள் எத்தனையோ மைல் தள்ளி இருக்கும் இரையை வாசனை பிடித்துப் போகின்றன. புறா வீடு திரும்ப மூக்கையும் நம்புகிறது. கறிக்கடையில் கோழி வாலடியில் சின்ன மொட்டு ஒன்று பார்த்திருப்பீர்கள். அது எண்ணெய்ச் சுரப்பி. பறவை அலகால் அந்த எண்ணெயை எடுத்து இறகெல்லாம் பூசிக்கொள்கிறது. எத்தனையோ பறவைகளுக்கு அந்த வாசனைதான் விலாசம். இது என் ஜோடி, இது என் குஞ்சு, இது யாரோ ஒருவன் என்று அதை வைத்துத்தான் பிரிக்கின்றன. இதெல்லாம் இப்போது உலகம் ஒப்புக்கொண்ட சங்கதி. 1988-இல் நான் சொன்னபோது ஒப்புக்கொள்ளவில்லை.

என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டி தட்சிணாமூர்த்தி என்று ஒருவர். என் கட்டுரையைத் திறக்காமலேயே, "காக்காய்க்கு மூக்கு இருந்தா அது கூவத்தங்கரையில போய் உக்காருமாய்யா?" என்றார். அறையில் பதினோரு பேர் இருந்தார்கள். பதினோரு பேரும் சிரித்தார்கள். கட்டுரை அதோடு நின்றது. கிட்டு அந்தக் கதையைத் தன் கல்யாணத்தில் பட்டுவிடம் சொன்னான். அவள் முப்பது வருடம் அதைச் சொல்லிச் சிரித்தாள். குழம்பு அடிப்பிடித்தால், "சீக்கிரம் சாப்பிட்டுடுங்கோ அண்ணா, உங்க காக்காய்க்கு வாசனை தெரிஞ்சுடப் போறது" என்பாள். காக்காய் பிடிக்கத் தெரிந்திருந்தால் அண்ணா எப்போதோ டாக்டர் ஆகியிருப்பான் என்று கிட்டு எடுத்துக்கொடுப்பான். அவள் மனதில் ஒன்றும் கிடையாது, வெள்ளைச் சிரிப்பு. நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன்.

மிருதுளா மட்டும் சிரிக்கவில்லை. எட்டு வயதில் கோடை விடுமுறைக்கு வந்திருந்தாள். திராட்சை எசென்ஸில் மெத்தில் ஆந்த்ரனிலேட் என்று ஒரு பொருள் உண்டு. நமக்கு அது பன்னீர் திராட்சை வாசனை. பறவைக்கு அது மூக்கிலும் வாயிலும் மிளகாய்ப் பொடி. மேல்நாட்டில் பழத் தோட்டங்களில் பறவை விரட்ட அதைத்தான் தெளிக்கிறார்கள். தீங்கு ஒன்றும் இல்லை. மொட்டை மாடியில் இரண்டு தட்டில் சோறு வைத்து, ஒன்றில் அதை நான்கு சொட்டு விட்டேன். மைனாக்கள் ஒரு தட்டைக் காலி செய்தன. இன்னொன்றில் ஒரு கொத்து கொத்திவிட்டு அலகைச் சுவரில் துடைத்துக்கொண்டு பறந்தன. குழந்தை கைதட்டி, "பெரியப்பா, அதுக்கு மூக்கு இருக்கு" என்றாள். இந்த உலகத்தில் என் ஆராய்ச்சியை ஏற்றுக்கொண்ட ஒரே ஆள் அவள்தான்.

2021 மே மாதம் கிட்டுவுக்கும் பட்டுவுக்கும் ஒன்றாகக் கொரோனா வந்தது. கிட்டு பதினோராம் நாள் ஆஸ்பத்திரியில் போனான். முகத்தைக்கூடக் காட்டவில்லை, பிளாஸ்டிக்கில் சுற்றி நேராக மயானத்துக்குக் கொண்டுபோனார்கள். பட்டு பிழைத்தாள். ஆனால் மோப்பம் போய்விட்டது. பலருக்கு ஒரு மாதத்தில் திரும்பியது, அவளுக்குத் திரும்பவே இல்லை. கற்பூரம், பெருங்காயம், பினாயில் எல்லாம் அவளுக்கு ஒன்று. கை அளவு மறக்கவில்லை, அதனால் காபிக்குக் குறை வரவில்லை. கிட்டுவின் சட்டை ஒன்றைத் துவைக்காமல் வைத்திருந்தாள். ஒருநாள் அதில் முகத்தை வைத்துக்கொண்டு, "அவர் வாசனையே தெரியலையே அண்ணா, அவர் இருந்தாரான்னே சந்தேகமா இருக்கு" என்று அழுதாள். தன் ஜோடியைக் காக்காய் அடையாளம் கண்டுகொள்ளும், இவளால் முடியவில்லை. கவனிக்க வேண்டிய விஷயம் என்று எனக்குத் தோன்றியது.

வாசனை போனவளுக்கு மிஞ்சியது காக்காய்தான். தினமும் பதினொரு மணிக்கு ஒரு பிடி சோறு, அதன்மேல் ஒரு சொட்டு நெய். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டு 'கா கா' என்று கூப்பிடுவாள். நெய், கிட்டுவின் வெள்ளிக் கிண்ணியிலிருந்து. எங்கள் பூணூல் கல்யாணத்தில் அம்மா எங்கள் இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு நெய்க் கிண்ணி தந்திருந்தாள். மூடியோடு, ஒரே அச்சு. அடியில் ஒன்றில் 'சூ', ஒன்றில் 'கி' என்று வெட்டியிருக்கும். கிட்டுவுடையது மாடியில் பூஜை அலமாரியில். என்னுடையது கீழே என் பீரோவில்.

பழக்கம் உங்கள் வீட்டிலும் இருக்கும். காக்காய் தின்றால் போனவர் திருப்தியாக இருக்கிறார். தின்னாவிட்டால் ஏதோ குறை. குறை என்னவென்று இருப்பவர்கள் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்ப்பார்கள். பெண்ணின் கல்யாணத்தை முடித்துவிடுகிறோம், அண்ணன் தம்பி அடித்துக்கொள்ள மாட்டோம், இப்படி. எந்த வாக்கைச் சொல்லும்போது காக்காய் வந்து கொத்துகிறதோ, அதுதான் போனவர் மனதில் இருந்தது. படித்தவர்களும் நம்புகிறார்கள். நான் நம்பியதில்லை.

கிட்டுவின் முதல் வருடத் திதிக்கு இரண்டு வாரம் முன்னால் பட்டு காபி டம்ளரை வைத்துவிட்டு நின்றாள். "மிருதுளா கூப்ட்டுண்டே இருக்கா அண்ணா. திதி முடிஞ்சதும் புனேக்கே போயிடலாம்னு பாக்கறேன். கேம்ப் ரோட்டுல ஒரு மெஸ் விசாரிச்சு வெச்சிருக்கேன், உங்களுக்குக் கொண்டு வந்து குடுத்துடுவா."

"காபி?" என்று கேட்டேன்.

"காத்தால ஃபிளாஸ்க்ல தரேன்னிருக்கா."

நான் கோபக்காரன் இல்லை. சரி என்றுதான் சொன்னேன். ஆனால் ஃபிளாஸ்க் காபி என்பது என்னவென்று யோசித்துப் பாருங்கள். டிகாக்‌ஷனும் பாலும் இரண்டு மணி நேரம் உள்ளே கிடந்து புழுங்கி வருவது.

திதியன்று காலை பட்டு குளிக்கப் போயிருந்தபோது கிட்டுவின் கிண்ணியில் அந்தத் திராட்சை எசென்ஸ் ஆறு சொட்டு விட்டேன். ஓய்வு பெற்றபோது லேபிலிருந்து கொண்டுவந்த பாட்டில் என் பீரோவில் இருந்தது. மாடியில் உறவுக்காரர்கள் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். காக்காய் வந்தது, கொத்தியது, தலையை உதறியது, அலகைச் சுவரில் இப்படியும் அப்படியும் தேய்த்துவிட்டுப் போனது. அடுத்ததும் அப்படியே. திதி செய்துவைத்த வாத்தியார் ஒருமுறை மூக்கைச் சுருக்கினார், ஊதுவத்தி என்று நினைத்திருப்பார். முக்கால் மணி நேரம் ஆனது. "ஏதோ குறை இருக்கு மாமி. மனசு விட்டுச் சொல்லிடுங்கோ" என்றார்.

பட்டு கைகூப்பி ஒவ்வொன்றாகச் சொன்னாள். சோறு காய்ந்துவிட்டது, வேறு வைப்போம் என்று சொல்லி நான் கிண்ணியை எடுத்துக்கொண்டு கீழே போனேன். திரும்பி வந்து படியிலேயே நின்றேன். கடைசியில் அவள், "நான் புனேக்குப் போகலை. இந்த ஆத்தை விட்டு எங்கயும் போகலை" என்றாள். அப்போது மேலே வந்து என் கிண்ணி நெய்யை விட்டுப் புதுச் சோறு வைத்தேன். மூன்று காக்காய் வந்து ஒரு பருக்கை விடாமல் தின்றன. எல்லாரும் அழுதார்கள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்பார்கள். இங்கே பனம்பழம் என் கையில் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அதோடு நிறுத்தியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பது நியாயம். நிறுத்தத்தான் இருந்தேன். ஆனால் ஒருமுறை பலித்த சோதனையைத் திரும்பச் செய்து பார்க்காமல் விட்டால் அது அறிவியல் ஆகாது.

அடுத்த வருடம் அவள் ஒரு ஸ்கூட்டி வாங்கினாள். ஐம்பத்து மூன்று வயதில் கற்றுக்கொண்டு, லேவண்டர் கலரில். சனிக்கிழமை தோறும் இரண்டு சிநேகிதிகளோடு திருநீர்மலைக்குப் போய்விட்டு மதியம் இரண்டு மணிக்கு வருவாள். அன்றெல்லாம் எனக்கு ஹாட்பேக் சாப்பாடு. கிட்டுவின் கிண்ணியை மறுபடி மேலே வைத்தேன். இதற்கு ஆறு நாள் பிடித்தது. கண்ணாடி வளையல் போடுவதை நிறுத்தினாள், ஞாயிற்றுக்கிழமை ஒரு பொழுது இருந்தாள், ஸ்கூட்டி மட்டும் அவளுக்குத் தோன்றவே இல்லை. ஆறாம் நாள் தோன்றியது. அன்றே கிண்ணியை மாற்றினேன்.

வண்டியை எதிர்வீட்டுப் பச்சையம்மா தன் மருமகளுக்கு எடுத்துக்கொண்டாள். எங்கள் தெருவே ஒரு காலத்தில் பச்சையம்மாவின் மாமனார் வயல். இப்போது மூன்று வீடு வாடகைக்கு விட்டிருக்கிறாள், ஆனாலும் பழக்கத்துக்கு இரண்டு மாடு வைத்துப் பால் ஊற்றுகிறாள். வண்டிச் சாவியை வாங்கும்போது அவள் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"இன்னாம்மா இது பேஜாரு. உங்க வூட்டு மேல துன்னாம போற அதே காக்காதான் எங்க வூட்டாண்ட வந்து கருவாட்டுத் தலையக்கூட வுடாம துன்னுகினு கீது. காக்காக்கு ஒண்ணும் இல்ல. உன் சோத்துலதான் இன்னாவோ கீது."

பள்ளிக்கூடத்துப் பக்கம் போகாதவள் இரண்டு வாக்கியத்தில் சோதனையின் முடிவைச் சொல்லிவிட்டாள். நான் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். ஆனால் பட்டு அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். காக்காயிடம் குறை இல்லை, தன் கையில்தான் குறை என்று. அதற்குப் பிறகு அவள் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

மீதியெல்லாம் சில்லறை விஷயம். டி.வி., மாலை நடை, எதிர்வீட்டோடு பேச்சு. நோட்டில் தேதியோடு எழுதியிருக்கிறேன், உங்கள் மேஜையில் இருக்கிறது. எந்தக் கிண்ணி, எத்தனை காக்காய், அவள் என்ன சொன்னாள் என்று மூன்று பத்தி. ஒரு நாள் அவள், இனிமேல் சிரிக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தாள். அதை நான் கேட்கவில்லை, அவளாகத்தான் கொடுத்தாள். நான் ஏற்றுக்கொண்டேன்.

போன ஆகஸ்டில் மிருதுளா முழுகாமல் இருப்பதாகப் போன் வந்தது. கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து. இங்கேயே அழைத்து வந்துவிடு என்றேன், டாக்டர் பயணம் கூடாது என்று சொல்லியிருந்தார். அதனால் பட்டு கிளம்பத் தீர்மானித்தாள். பேறு முடிந்து குழந்தைக்கு மூன்று மாதம் ஆகும் வரை அங்கேதான் என்றாள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. என்னிடம் மெஸ்ஸைப் பற்றிப் பேசினாள். நான் கிட்டுவின் கிண்ணியை எடுத்தேன்.

இந்தத் தடவை சோதனை சரியாக நடக்கவில்லை. ஒன்பது நாள் காக்காய் தின்னவில்லை. அவள் உப்பை விட்டாள், தன் காபியை விட்டாள், ஒரு வேளைச் சாப்பாட்டை விட்டாள். ராமேஸ்வரம் போகிறேன் என்றாள், திருநீர்மலைப் பெருமாளுக்குத் திருமாங்கல்யத்தைப் போடுகிறேன் என்றாள். கன்னம் ஒட்டிப்போயிற்று. ஆனால் போகமாட்டேன் என்ற ஒரு வார்த்தையை மட்டும் சொல்லவில்லை. மற்றதையெல்லாம் சுற்றிச் சுற்றி வைத்தாள், அதை மட்டும் தொடவில்லை. முகத்தைப் பார்க்காமல் அனுப்பினேனே, நான் மட்டும் பிழைத்துக்கொண்டேனே, அதுதான் உங்கள் குறையா என்று சுவரைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் பிடிவாதம் எனக்கு எரிச்சலாக இருந்தது. ஒப்புக்கொள்கிறேன்.

நான் அவளிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை, எல்லாம் அவளாகவே நினைத்துக்கொண்டாள் என்று காலையில் உங்களிடம் சொன்னேன். ஒன்றே ஒன்று சொன்னேன். எட்டாம் நாள் சாப்பிடும்போது, ரசத்தைக் கலந்துகொண்டே, "பித்ருக்கள் குறை வயத்துப் பிள்ளையைத் தாக்கும்னு சொல்லுவா. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை" என்றேன். நம்பிக்கை இல்லை என்றும் சேர்த்துத்தான் சொன்னேன்.

அவள் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. எடுத்துக் கழுவிவிட்டு எனக்கு இன்னொரு கரண்டி ரசம் விட்டாள்.

ஒன்பதாம் நாள் சுவர் அருகே நின்று வெகு நேரம் பேசினாள். மறுநாள் நான் கிண்ணியை மாற்றிவிட்டேன். பாவம், போதும், புனேக்குப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். அப்படித்தான் நேற்று எழுதிக் கொடுத்தேன். காக்காய்கள் வந்து தின்றன. பட்டு கடைசிப் பருக்கை போகும் வரை நின்று பார்த்தாள். சுவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மூன்று மணிக்குக் காபியைத் தானே கீழே கொண்டு வந்தாள்.

"சாப்ட்டுட்டா அண்ணா" என்றாள். லேசாகச் சிரித்தாள். சிரிப்பை விட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. "மிருதுளாவுக்குப் பேறு நல்லபடியா ஆயிடும், இல்லையா?"

"ஆயிடும்" என்றேன்.

அன்றைக்குக் காபி நன்றாக இருந்தது.

மறுநாள் காலை ஆறரைக்குக் காபி வரவில்லை. ஆறே முக்கால் வரை பார்த்துவிட்டு மேலே போனேன். கதவு சாத்தியிருந்தது, பூட்டவில்லை. ஃபில்டரில் டிகாக்‌ஷன் இறங்கியிருந்தது, பால் காய்ச்சி மூடியிருந்தது. கலந்துகொள்ள வேண்டியதுதான். நான் கலந்துகொண்டிருந்தபோது தெருவில் சத்தம் கேட்டது. மாட்டுக்குப் புல் அறுக்க ஏரிக்கரைக்குப் போன பச்சையம்மாதான் முதலில் பார்த்திருக்கிறாள். செருப்பு இரண்டையும் கரையில் ஒழுங்காக, ஜோடியாக விட்டிருந்தாளாம். எப்போதுமே அவள் ஒழுங்கானவள்.

டாக்டர் பயணம் கூடாது என்றிருந்தும் மிருதுளா வந்தாள். மாப்பிள்ளை பிரணவ் கர்மா செய்யக் கூடாது, பெண்டாட்டி முழுகாமல் இருக்கிறாள் என்று வாத்தியார் சொல்லிவிட்டார். பிள்ளை இல்லாதவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள், நான்தான் செய்தேன். பத்து நாளும் ஒரு குறையும் வைக்கவில்லை.

பதிமூன்றாம் நாள் முடிந்ததும் மிருதுளா அப்பாவின் நெய்க் கிண்ணியைப் புனேக்குக் கொண்டுபோக ஆசைப்பட்டாள். பூஜை அலமாரியில் இருந்ததைத் திருப்பிப் பார்த்திருக்கிறாள், அடியில் 'சூ' என்று இருந்தது. அப்பாவுடையது என்னிடம் மாறி வந்திருக்கும் என்று கீழே வந்தாள். நான் குளித்துக்கொண்டிருந்தேன். பீரோவைத் திறந்து, கிண்ணியை எடுத்து, மூடியைத் திறந்துவிட்டாள்.

வயிற்றில் பிள்ளை இருக்கும்போது பெண்களுக்கு மூக்கு கூர்மையாகிவிடும். அது எனக்குத் தெரியாத விஷயமில்லை. பறவைகளின் மூக்கைப் பற்றி முப்பத்தைந்து வருடம் யோசித்தவன் அதை மட்டும் யோசிக்கவில்லை. நான் வெளியே வந்தபோது அவள் தரையில் உட்கார்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். அறை முழுக்கத் திராட்சை வாசனை. பக்கத்தில் பாட்டில், பிரித்த நோட்டு. என்னை நிமிர்ந்து பார்த்து ஒன்றே ஒன்று சொன்னாள்.

"பெரியப்பா, அதுக்கு மூக்கு இருக்கு."

எட்டு வயதில் சொன்ன அதே வார்த்தைதான். கைதான் தட்டவில்லை. உங்களுக்குப் போன் செய்தது பிரணவ். அவள் அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. மாணவி என்று எனக்கு இருந்தவள் அவள் ஒருத்திதான். அது எனக்கு வருத்தம்.

நெய்யில் திராட்சை வாசனை கலந்ததற்கு எந்தப் பிரிவில் வழக்கு எழுதுவீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை. அது உங்கள் வேலை. ஆனால் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி வைத்து ஒரு கேள்வி கேட்கிறீர்கள். ஒன்பதாம் நாள் பட்டு சுவரிடம் பேசியது எனக்குக் கேட்டதா என்று. நேற்று இல்லை என்றேன். மூன்றாவது பத்தியில் என் கையெழுத்தில் எழுதியிருக்கும்போது அந்தப் பதிலில் அர்த்தமில்லை.

கேட்டது. நான் படியில் நின்றிருந்தேன். அவள் சொன்னது இதுதான்: "உங்களுக்கு நான்தான் வேணும்னா நான் வந்துடறேன். குழந்தையை ஒண்ணும் பண்ணிடாதேங்கோ. நாளைக்கு வந்து சாப்ட்டேள்னா, சரின்னுட்டேள்னு எடுத்துக்கறேன்."

ஆகவே மறுநாள் எந்தக் கிண்ணி என்பதுதான் பதில் என்று எனக்குத் தெரியும். இரண்டையும் மேஜை மேல் வைத்துக்கொண்டு பத்து மணியிலிருந்து யோசித்தேன். பாட்டில் தீர்ந்துவிட்டதா என்று கேட்டீர்கள். இல்லை, பாதி இருந்தது. கிட்டுவின் கிண்ணியை வைத்திருந்தால் காக்காய் தின்றிருக்காது, அவள் உயிரோடு இருந்திருப்பாள். இன்னும் இரண்டு நாள் அழுதிருப்பாள். பிறகு காக்காயாவது ஒன்றாவது என்று ஒரு நாள் புனேக்கு ரயில் ஏறியிருப்பாள். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, பழைய மாதிரி, பெரியப்பாவின் காக்காய்க் கதையைச் சொல்லிச் சிரித்திருப்பாள். என் கிண்ணியை எடுத்துக்கொண்டு மேலே போனேன். ஆம், அறிந்துதான் செய்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

கூடவே இன்னொன்றையும் எழுதிக்கொள்ள வேண்டும். அது இல்லாமல் நான் கையெழுத்துப் போடமாட்டேன். பத்தாம் நாள் பட்டுவுக்கு நான்தான் பிண்டம் வைத்தேன். அதே சுவர், அதே இடம். சத்தியமாக அன்று நான் அதில் எதையும் கலக்கவில்லை. கையை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவியிருந்தேன். வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன். எனக்குக் கொஞ்சம் படபடப்பாகத்தான் இருந்தது. மிருதுளா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். நாங்கள் கூப்பிடுவதற்குள்ளேயே ஒரு காக்காய் வந்து உட்கார்ந்து, தயங்காமல், முழுவதையும் தின்றுவிட்டுப் போனது.

பட்டுவுக்கு என் மேல் ஒரு குறையும் இல்லை, மேடம். இருந்திருந்தால் தின்றிருக்காது.